காலை எடுத்த பிறகும் சீறும் கார்

பெட்ரோல் இன்ஜினுக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று கிடைத்தால் ஓடும், நிறையக் கிடைத்தால் வெறிகொண்டு ஓடும். அதை அடக்கி வைத்திருப்பது, காற்று உள்ளே போகும் குழாயின் குறுக்கே நிற்கும் ஒரு வட்டத் தகடு. நாம் கொறிக்கும் தட்டை முறுக்கு அளவுதான் இருக்கும். த்ராட்டில் என்பது அதன் பெயர். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைத் திறந்துவிடுகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நம் கால் திறந்துவிடுவது காற்றை. வருகிற காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ கலந்து கொடுத்துவிடும்.

காலை எடுத்ததும் இந்தத் தகட்டை இழுத்து மூடுவது ஒரு ஸ்பிரிங். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். திறக்கும் வேலையை நம் கால் செய்கிறது, மூடும் வேலையை நாம் செய்வதே இல்லை. காலை எடுப்பது ஒரு செயல் மாதிரித் தோன்றினாலும், அந்த நொடியில் நாம் காரிடம் எதையும் செய்யவில்லை, விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுகிறோம். ஓட்டுபவர் கேட்காமலே கார் வேகமெடுப்பதும், போதும் என்ற பிறகும் வேகம் குறைய மறுப்பதும் பழைய கார்களில் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இந்தத் தகட்டையும் ஸ்பிரிங்கையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

என் முதல் கார் மூன்று கை மாறி வந்த, கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. ஒரு மழைக்காலத்தில் ரயில்வே கேட்டை நெருங்கும்போது காலை எடுத்தேன். இன்ஜின் சத்தம் குறையவில்லை. நிறுத்தலாம் என்று கிளட்சை மிதித்ததும் சத்தம் இன்னும் ஏறியது, சுமை நீங்கிய இன்ஜின் அப்படித்தான் செய்யும். பிரேக் பிடித்து ஓரம் கட்டி, சாவியைத் திருப்பிய பிறகுதான் ஓய்ந்தது. மெக்கானிக் அண்ணன் ஆக்சிலேட்டர் வயரை உருவிக் காட்டினார். "பாருங்க தம்பி, இழை பிரிஞ்சு உறைக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. ஸ்பிரிங் இழுக்கத்தான் செய்யுது, வயர் விடமாட்டேங்குது." இந்த விஷயத்தைப் பற்றி அதற்கப்புறம் நான் படித்த பலவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியம் உரையாக இருந்தது.

பழைய காரில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருப்பது இந்த வயர்தான். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி, ஒரு உறைக்குள் செருகியது. சில கார்களில் வயருக்குப் பதில் இரும்புத் தண்டுகளும் மூட்டுகளும் இருக்கும். இழை பிரியலாம், உறைக்குள் துரு ஏறலாம், உறை மடங்கிப் போகலாம். த்ராட்டில் தகட்டைத் தாங்கும் அச்சில் கரியும் பிசினும் படிந்து தகடு ஒட்டிக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக், இன்ஜின் சூடான பிறகும் தகட்டை முழுக்க மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கலாம். இது எதுவுமே இல்லாமல், மிதியடி மேல் இன்னொரு மிதியடியைப் போட்டு அதன் ஓரம் பெடலை அமுக்கிக்கொண்டு கிடக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: நாம் கேட்ட வேகத்தில் மாட்டிக்கொள்ளும், கேட்காத வேகத்துக்குத் தானாகப் போகாது. தகட்டைத் திறக்க யாராவது இழுக்க வேண்டும் அல்லவா? இழுப்பது நம் கால் மட்டும்தான் என்றால், கால் திறந்த அளவுக்கு மேல் அது திறக்காது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு விதி 1973 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதன் எண் 124. த்ராட்டிலைத் திரும்ப மூட ஒன்றுக்கொன்று சாராத இரண்டு விசைகளாவது இருக்க வேண்டும், ஒன்று செத்தாலும் மற்றொன்று தனியாக மூட வேண்டும், நடுவில் இணைப்பு எங்கே அறுந்தாலும் தகடு மூடும் பக்கமே போக வேண்டும், சாதாரண எடையுள்ள கார்களில் இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் காலத்துக் கார்புரேட்டர்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் சுற்றியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் இப்போது புரியும்.

ஒரு நல்ல பொறியாளர் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த விதிக்குள் இருக்கிறது: இது கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெடும்? நிற்கும் பக்கமா, ஓடும் பக்கமா? கெடவே கெடாத பாகம் என்று ஒன்று கிடையாது. அதனால் கெடும் திசையை நாம் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கிறோம். ஆனால் என் பழைய காரின் வயரை இதே விதியோடு வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் உடையவில்லை, இணைப்பு அறுபடவில்லை. இரண்டு ஸ்பிரிங் என்ன, நான்கு இருந்தாலும் சிக்கிய வயரை இழுத்திருக்க முடியாது.

இன்ஜினே இழுத்த கதை

தகட்டைத் தானாகத் திறக்க யாராவது இழுக்க வேண்டும் என்றேன். 1960களின் செவ்ரோலெட் கார்களில் இழுத்தது இன்ஜின்.

இன்ஜினை காரின் சட்டத்தோடு நேரடியாக முடுக்கமாட்டார்கள். அதிர்வு உடம்புக்கு ஏறாமல் இருக்க, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டிய தாங்கிகளின் மேல் அது உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் இன்ஜின் மவுன்ட் என்கிறோம். காலப்போக்கில் சூடும் எண்ணெயும் பட்டு அந்த ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்துவிடும். அமைதியாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது, இன்ஜின் தன் எடையால் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஓட்டுபவர் பலமாக ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசைக்கு எதிர்வினையாக இன்ஜினும் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். பிடித்து வைக்க ரப்பர் இல்லாததால் அந்தப் பக்கம் மேலே எழும்பும்.

பெடல் இருப்பது காரின் உடம்பில், கார்புரேட்டர் இருப்பது இன்ஜினின் தலையில். இன்ஜின் எழும்பினால் இரண்டுக்கும் நடுவே உள்ள தண்டு இழுபடும். இழுபட்டால் த்ராட்டில் இன்னும் திறக்கும். இன்னும் திறந்தால் முறுக்கு இன்னும் கூடும், இன்ஜின் இன்னும் எழும்பும். ஒரு தவறு தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. அதோடு முடியவில்லை. எழும்பிய இன்ஜின் பிரேக்குக்குத் துணைவிசை கொண்டுபோகும் குழாயையும் பிடுங்கிவிடலாம். அதாவது, கார் சீறும் அதே நொடியில் பிரேக் கல்லாகிவிடும். இரண்டு வேறு வேறு அமைப்புகள் என்று நாம் நம்பியவை ஒரே ரப்பர் துண்டின் மேல் நின்றிருக்கின்றன.

1971 டிசம்பரில் செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செய்த வேலை எளிமையானது: இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் எழும்ப முடியாதபடி ஒரு எஃகுக் கயிற்றால் கட்டினார்கள். ரப்பர் பிரிவதைத் தடுக்கவில்லை, பிரிந்தாலும் கேடு வராமல் தடுத்தார்கள். கெடும் திசையை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். என்னைக் கேட்டால், இந்த ரப்பர் பிரியக்கூடியது என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் அந்தக் கயிற்றை முதல் நாளே கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு கால்

அடுத்தது குரூஸ் கன்ட்ரோல். காலை எடுத்த பிறகும் கார் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்று நாமே விரும்பிச் சேர்த்த அமைப்பு. இதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஐந்து வயதிலிருந்தே பார்வை இல்லாதவர். மற்றவர்கள் ஓட்டும் காரில் பயணியாக உட்கார்ந்து, வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் உடம்பால் உணர்ந்தவர். 1950இல் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டு மாடல் இம்பீரியல் கார்களில் கிறைஸ்லர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

70களிலும் 80களிலும் பரவலான வடிவத்தில், த்ராட்டிலோடு இரண்டாவதாக ஒரு கேபிளோ சங்கிலியோ இணைந்திருக்கும். அதன் மறுமுனையில் ஒரு டப்பா, டப்பாவுக்குள் ரப்பர் சவ்வு. ஓடும் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை (மெக்கானிக்குகள் வாக்கம் என்பார்கள்) இந்த டப்பாவுக்குள் விட்டால் சவ்வு உள்வாங்கி த்ராட்டிலை இழுக்கும். வெளிக்காற்றை விட்டால் சவ்வு தளர்ந்து த்ராட்டில் மூடும். இரண்டையும் மாற்றி மாற்றித் திறக்கும் மின்வால்வுகள்தான் வேகத்தைப் பிடித்து வைக்கின்றன. நம் காலுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை வடிவமைத்தவர்கள் அந்தத் திசைக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தார்கள். மின்சாரம் நின்றுபோனால் வெளிக்காற்று வால்வு தானாகத் திறந்து த்ராட்டிலை விட்டுவிடும். சவ்வு கிழிந்தால் இழுக்கவே முடியாது. மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குக் கீழே அமைப்பு வேலை செய்யாது என்பதால், வேகத்தை அளக்கும் கேபிள் அறுந்து பூஜ்ஜியம் என்று காட்டினாலும் அணைந்துவிடும். பிரேக்கைத் தொட்டால் ஒரு மின்சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும். அதை நம்பாமல் பெடலிலேயே ஒரு காற்று வால்வும் வைத்திருப்பார்கள், அது டப்பாவின் வெற்றிடத்தை நேரடியாகக் கொட்டிவிடும்.

பிறகு எங்கே தவறியது? பெரும்பாலும் அந்த இரண்டாவது கேபிளில். ஃபோர்டு எஸ்கேப் காரின் 2001 முதல் 2004 வரையான வி6 (ஆறு சிலிண்டர் இன்ஜின்) மாடல்களில் குரூஸ் கன்ட்ரோல் கேபிளின் இணைப்புக்கும் இன்ஜின் மூடிக்கும் இடையே இடைவெளி போதவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் கேபிள் மூடியில் மாட்டி த்ராட்டில் திறந்தபடியே நிற்கக்கூடும். குரூஸ் கன்ட்ரோலை வாழ்நாளில் ஒருமுறைகூடப் போடாதவருக்கும் இது நடக்கலாம், ஏனென்றால் போட்டாலும் போடாவிட்டாலும் கேபிள் அங்கேதான் கட்டப்பட்டிருக்கிறது. 2012 ஜூலையில் சுமார் 4 லட்சத்து 85 ஆயிரம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குள் அவற்றில் மிகப் புதியவற்றுக்கே எட்டு வயது ஆகியிருந்தது. சரிசெய்த முறை? மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்து இடைவெளியைக் கூட்டியதுதான்.

இன்னொரு ஃபோர்டு விவகாரம் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. பிரேக் சுவிட்ச் ஒன்று கெட்டாலும் குரூஸ் கன்ட்ரோல் அணைய வேண்டும் என்று, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் கூடுதல் சுவிட்ச் ஒன்றை வைத்தார்கள். காவலுக்குக் காவல். அதற்குள் ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் மின்முனைகள், நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. பிரேக் போடும்போதெல்லாம் வளைந்து வளைந்து சவ்வில் கீறல் விழுந்தது. ஆயில் கசிந்து மின்முனைகளை அரித்தது. பல மாடல்களில் அந்தச் சுவிட்சுக்குச் சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருந்தது. சூடேறித் தீப்பிடித்தது. வீட்டோடு ஒட்டிய கராஜில் நள்ளிரவில் அணைத்து நிறுத்தியிருந்த வண்டிகள் எரிந்தன. 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நடுவே ஃப்யூஸ் உள்ள ஒயரிங் ஒன்றைச் சேர்ப்பது முக்கியத் தீர்வாக இருந்தது. வேகத்தை அடக்கும் வேலையை அந்தச் சுவிட்ச் நன்றாகவே செய்தது என்பதைக் கவனியுங்கள். அது கெட்டால் வேகம் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்தவர்கள், நெருப்பு எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கவில்லை.

கால் மாறிய கதை

இதுவரை இயந்திரம். இப்போது மனிதக் கால். இதைப் பேசும்போது யாரையும் குறைசொல்லும் தொனி வந்துவிடக் கூடாது என்று எனக்கு அக்கறை உண்டு, ஏனென்றால் இதில் மாட்டிக்கொண்டவர்கள் பொய் சொன்னவர்கள் அல்ல.

1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற ஜெர்மன் காரைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. எல்லாம் ஒரே மாதிரி: ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கிங்கிலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ மாற்றியதும் கார் பாய்ந்தது, பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் மிதித்தும் நிற்கவில்லை. மக்கள் காயப்பட்டார்கள், இறந்தும் போனார்கள். 1986 நவம்பர் 23 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி இதைப் பெரிய நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. அதில் ஒரு காரின் ஆக்சிலேட்டர் பெடல் யாரும் தொடாமலே கீழே இறங்குவதைக் காட்டினார்கள். அந்தக் காரின் கியர்பெட்டியில் துளையிட்டு, வெளியிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தித்தான் பெடலை அப்படி இறக்கினார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. பார்ப்பவர்களுக்கு அதைச் சொல்லாமல் காட்டியது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். 1985இல் அமெரிக்காவில் 74,000 கார்கள் விற்ற ஆடி, 1991இல் விற்றது 12,300க்கும் குறைவு.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்ட அறிக்கையின் முடிவு: பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுபவரின் கால் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரில் இருந்தது. கனடாவிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளும் அதையே சொன்னன. நின்றுகொண்டிருக்கும் காரில் பிரேக்கை உண்மையிலேயே அழுத்தியிருந்தால், த்ராட்டில் முழுக்கத் திறந்தாலும் கார் பாய்ந்திருக்காது. பிரேக் அத்தனை வலிமையானது. பாய்ந்தது என்றால் கால் அங்கே இல்லை.

சரி, ஒருவருக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாதா? தெரியாது என்பதுதான் வியப்பு. 1989இல் மனித உடலசைவுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷ்மிட் என்ற அறிஞர் இதை விரிவாக எழுதினார். நாம் பெடலைப் பார்த்து மிதிப்பதில்லை. பிரேக் என்று மூளை கட்டளையிடுகிறது, கால் பழக்கத்தால் போகிறது. தசைகளின் விசை ஒவ்வொரு முறையும் துளி மாறும், எப்போதாவது ஒருமுறை கால் சில அங்குலம் தள்ளி இறங்கும். பின்னால் பார்க்க உடம்பைத் திருப்பியிருந்தால் இன்னும் தள்ளும். கட்டளை சரியாகப் போய்விட்டதால் மூளை ‘பிரேக்கில் இருக்கிறேன்’ என்றே நம்புகிறது. கார் நகர்கிறது. பிரேக் போதவில்லை என்று இன்னும் அழுத்துகிறோம். சில நொடிகளில் சுவர் வந்துவிடுகிறது. அவர் பின்னால் சத்தியம் செய்து பிரேக்கை மிதித்தேன் என்று சொல்லும்போது, தன் மூளை தந்த உண்மையைத்தான் சொல்கிறார்.

சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அந்த அறிக்கை இன்னொன்றையும் சொன்னது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் சும்மா நிற்கும்போது அதன் வேகத்தைச் சீராக வைக்கும் ஒரு பாகம், த்ராட்டிலைச் சுற்றிக்கொண்டு போகும் சிறு காற்றுவழியைக் கட்டுப்படுத்துவது, அந்தக் கார்களில் அவ்வப்போது கெட்டு இன்ஜினைச் சற்று ரேஸ் ஆக்கியது. அந்தச் சிறு உந்தலில் ஓட்டுபவர் திடுக்கிட்டு, அவசரத்தில் கால் தவறியிருக்கலாம். இரண்டு பெடல்களும் அமைந்திருந்த இடமும் பல அமெரிக்கர்களுக்குப் பழகியதாக இல்லை. கால்தான் தவறியது, ஆனால் அது தவற இயந்திரமும் இடம் கொடுத்திருக்கிறது. ஓட்டுபவரை மட்டும் குற்றவாளியாக்கி வழக்கை மூடுவது எனக்குச் சம்மதமில்லை.

இதிலிருந்து வந்த தீர்வு அருமையானது. பிரேக்கை மிதித்தால் ஒழிய கியர் பார்க்கிங்கை விட்டு நகராது என்ற பூட்டு. ஆடி அதைத் தன் கார்களில் பொருத்தியது, பிறகு எல்லா நிறுவனங்களும் சேர்த்தன, 2010 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். இன்று நம் ஊரில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர்கள் பிரேக்கை மிதித்துக் கியர் மாற்றுவது இந்தப் பூட்டால்தான்.

வயர் போய் ஒயர் வந்தபோது

2000க்குப் பிறகு பெரும்பாலான கார்களில் ஆக்சிலேட்டர் வயர் மறைந்துவிட்டது. பெடலில் ஒரு உணரி, கம்ப்யூட்டர், த்ராட்டிலைத் திருப்ப ஒரு மோட்டார். துருவும் இழையும் போயின, ஆனால் கெடும் திசைக் கேள்வி போகவில்லை. 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே டொயோட்டா நிறுவனத்தின் ஒரு லெக்சஸ் கார் அடங்காமல் ஓடி மோதி நான்கு பேர் இறந்தார்கள். வேறொரு மாடலுக்கான கனத்த மிதியடி பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடும் காரில் இன்ஜினை அணைக்க ஸ்டார்ட் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்?

2010 ஜனவரியில் டொயோட்டா சுமார் 23 லட்சம் வண்டிகளைப் பெடல் ஒட்டிக்கொள்வதற்காகத் திரும்ப அழைத்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. மின்பெடலில் வயரின் உராய்வு இல்லாததால் காலுக்கு வெறுமையாக இருக்கும் என்று, பழைய வயரின் பிடிமான உணர்வைத் தருவதற்காகவே ஒரு உராய்வுத் துண்டை உள்ளே வைத்திருந்தார்கள். அது தேய்ந்து, ஈரம் பட்டு, பெடலைத் திரும்பவிடாமல் பிடித்தது. மின்னணுக் கோளாறா என்று நாசாவின் பொறியாளர்களும் ஆராய்ந்தார்கள்; பெரும் வேகத்தை உண்டாக்கும் மின்னணுக் காரணம் எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2013இல் ஓக்லஹோமாவில் ஒரு ஜூரி, 2005ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி கார் ஒன்றின் மென்பொருள் குறித்த சாட்சியங்களைக் கேட்டு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பெடல் கோளாறுகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014இல் டொயோட்டா அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நடந்தால் என்ன செய்வது

கார் அடங்காமல் ஓடினால் பிரேக்கை ஒரே முறை, முழு பலத்தோடு மிதித்து, விடாமல் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் காரில் பிரேக்குக்குத் துணைவிசை தரும் பூஸ்டர், நாம் மேலே பார்த்த அதே வாக்கத்தில்தான் இயங்குகிறது. த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது புதிதாக வாக்கம் உண்டாகாது. பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிப்புக்குத்தான் வரும். அதை அடித்து அடித்துச் செலவழித்துவிட்டால் பெடல் கல்லாகிவிடும். அப்போதுதான் பலர் ‘பிரேக்கும் போய்விட்டது’ என்று நினைக்கிறார்கள்.

ஒரே மிதியில் பிடித்தால் பிரேக் ஜெயிக்கும். 2009 இறுதியில் ஒரு அமெரிக்கக் கார் இதழ், 268 குதிரைத்திறன் கொண்ட வி6 கேம்ரியை மணிக்கு 112 கிலோமீட்டரில் ஓட்டி, த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போதே பிரேக் போட்டுப் பார்த்தது. 58 மீட்டரில் நின்றது. காலை எடுத்துவிட்டுப் பிரேக் போட்டால் 53 மீட்டர். தேய்ந்த பிரேக் உள்ள பழைய வண்டியிடம் இதை எதிர்பார்க்க முடியாது என்பதும் உண்மை, அதனால்தான் அடுத்த வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். கிளட்ச் உள்ள வண்டியில் முதலில் கிளட்ச். இன்ஜின் காது கிழியக் கத்தும், கத்தட்டும். சக்கரத்தோடு அதற்கு இனி தொடர்பில்லை. ஓரமாக நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். ஓடும்போதே அணைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் சாவியை ஒரு படி மட்டும் திருப்புங்கள். முழுக்கத் திருப்பி உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) கெட்டு இன்ஜின் ஆயில் உள்ளே போக ஆரம்பித்தால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடும், சாவியை எடுத்தாலும் நிற்காது. கிளட்ச் உள்ள வண்டி என்றால் நின்ற நிலையில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பெரிய கியரில் போட்டுக் கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துவார்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்று மாலையே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து வைத்து, வீட்டில் ஒருவரை ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துச் சட்டென்று விடச் சொல்லுங்கள். நீங்கள் த்ராட்டில் பக்கம் காதை வையுங்கள். வயர் வைத்த வண்டி என்றால் தகடு ‘டக்’ என்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். மெல்ல ஊர்ந்து வந்து மூடினாலோ, பாதியில் நின்றாலோ, வயரையும் உறையையும் மாற்றாமல் அந்த வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். அப்படியே உள்ளே எட்டிப் பார்த்து, பெடலுக்குக் கீழே எத்தனை மிதியடி கிடக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.